சட்டி நிற்கும் படி

சிதம்பரத்தில் ஒரு வீட்டு மாடிக்குக் கான்கிரீட் ஏறிக்கொண்டிருக்கிறது. கிழக்கே மேகம் கறுக்கிறது. மழை வந்து வேலை பாதியில் நின்றால் தளம் ஒழுகும்; இன்ஜினியர் அனுப்பிரியாவுக்கு இதுதான் முதல் தளம். கீழ்ப்படிகளில் முதுநகர் ஆட்கள், மேல்படிகளில் பிச்சாவரம் ஆட்கள். கைமாறி வரும் கான்கிரீட் சட்டி, இரண்டு கூட்டமும் சந்திக்கும் படியில் மட்டும் நிற்கிறது. காலை டீ நேரச் சண்டையிலிருந்து முதுநகர் ஆரோக்கியம்மாள் சட்டியைப் படியில்தான் வைக்கிறாள். பிச்சாவரம் விருத்தாம்பாள் முகம் பார்க்காமல் குனிந்து எடுக்கிறாள். அனுப்பிரியா அவர்கள் நடுவில் போய் நின்று சட்டியை வாங்குகிறாள். மூன்றாவது சட்டியே சரிந்து, சிமெண்ட் தண்ணீர் சுடிதாரில் வழிகிறது. "மேடம், நீங்க தூக்குனா தீவாளிக்குத்தான் முடியும்," என்கிறாள் ஆரோக்கியம்மாள். விருத்தாம்பாள் சிரித்துவிடுகிறாள். "தள்ளி நில்லு கண்ணு. இப்டிக் குடுடி, ஆரோக்கியம்." சட்டி கைக்குக் கை போகிறது. முதல் தூறல் விழுகிறது. இன்னும் ஒரு மூலைதான் பாக்கி.