ஒருக்களித்துக் கிடந்தவள்

வலிப்பு வந்து தெளியும்போதெல்லாம் நெவேனாவுக்கு நாக்கு கடிபட்டிருக்கும். உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலிக்கும். ஆனால் எப்போதும் ஒருக்களித்துத்தான் கிடப்பாள். தலைக்கடியில் ஏதாவது மெத்தென்று இருக்கும்.

ப்லோவ்திவ் நகரத்தில், நாலாம் மாடியில் அவள் தனியாக இருந்தாள். தன் வீட்டுச் சாவி தன் கையில் இருப்பது அவளுக்கு உயிர். அக்கா ரும்யானாவோ போன வாரம் சமையலறையில் கேமரா மாட்டினாள்; இன்று வந்து, தன் வீட்டுக்கே கூட்டிப்போக, தங்கையின் துணிகளையெல்லாம் பெட்டியில் அடைத்துவிட்டாள்.

"நீ விழறத நீயே பாருடி. அப்புறம் தனியா இருப்பேன்னு சொல்லு."

கேமராவில் பதிவாகியிருந்ததை இருவரும் பார்த்தார்கள். குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த நெவேனா விழுந்தாள். விறைத்தாள், உதறினாள். நாற்காலியில் கிடந்த கம்பளிச் சட்டை மடிந்து அவள் தலைக்கடியில் போனது. மின்அடுப்பின் பிளக் கழன்றது. ஒன்றரை நிமிடத்தில் உதறல் நின்றதும், உடம்பு மெல்ல இடப்பக்கம் திரும்பியது. அறையில் வேறு யாரும் இல்லை.

"யாருடி அது?"

"யாருமில்லக்கா. சின்ன வயசுக் காய்ச்சல் மூளையில தழும்பு போட்டுடுச்சாம். அங்கதான் மின்சாரம் தாறுமாறா கிளம்புதாம். அந்த நேரத்துல நானா எதுவும் செய்ய முடியாதுன்னு டாக்டர் சொன்னார்."

ரும்யானா துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள். கிளம்பும்போது காலி நாற்காலியைப் பார்த்து, "எட்டு மணி மாத்திரைய மறந்துடுவா, கழுத. கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நெவேனா சமையலறைக்கு வந்தாள். மேசையில் ஒரு கோப்பை தண்ணீரும், பக்கத்தில் மாத்திரையும் இருந்தன. அவள் உட்கார வசதியாக நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது.