மறுபக்கத்திலிருந்தும் தேடலாம்

புதைக்கப்பட்டவர்களின் தொண்டையில் இருக்கும் குரல் கருவி இறந்த பிறகும் நிற்பதில்லை, அதன் வழியாக அவர்கள் பேசலாம். அதனால் கல்லறைத் தோட்டத்துக்குத் தனி நெட்வொர்க். அதற்கும் வீடுகளுக்கும் நடுவே தடுப்பாக ஒரு ஃபயர்வால். அதில் ஒரு வழி திறக்கச் சொல்லி அமலோற்பவம் அக்கா, நெட்வொர்க் வேலை பார்க்கும் என்னை மதியம் கூப்பிட்டிருந்தார். ஈஸ்டருக்கு முன்னால்தான் அவர் கணவர் தொம்மை இறந்துபோனார்.

"ஒங்க அண்ணன் எங்கிட்ட கோவத்தோடயே போயிட்டாவ தம்பி. ஒரு வார்த்த பேசிட்டாவன்னா போதும்."

"கூப்பிட்டா பேசுவாவளாக்கா?"

"உசுரோட இருக்கும்போதே நாலு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புவாவ. நீ தொறந்து விடு."

வீட்டிலிருந்து மட்டும் தேடும்படி திறந்திருக்க வேண்டும். அலுவலகங்களில் கணினியும் பிரிண்டரும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கச் செய்கிற பழக்கத்தில் இரண்டு பக்கமும் திறந்துவிட்டேன். அங்கே இருப்பவர்களும் இந்த வீட்டைத் தேடலாம் என்று ஆகிவிட்டது.

டிவி திரையில் பெயர்கள் வந்தன. நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு பெயரும் தானாகவே இணைய அனுமதி கேட்டது. கூடத்து ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு இன்னொருவர். திரை நிரம்பி மேலே நகர்ந்துகொண்டே இருந்தது. தொம்மை அண்ணனின் பெயர் மட்டும் வரவில்லை. அவரை மட்டும் நானே தேடிக் கூப்பிட்டுப் பார்த்தேன்; அவர் கருவி உயிரோடுதான் இருந்தது, பதில்தான் சொல்லவில்லை.

"அடச்சிரட்டுமாக்கா?"

அக்கா நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இரு. அவிய பக்கத்துல கெடக்குற ஆளுக்கு அனுமதி குடு. இன்னும் கோவமாத்தான் இருக்காவளான்னு கேப்போம்."