தாழ்வாரத்தில் கரடிகள்

கழிப்பறைக்குப் போய்விட்டு வருவதற்குள் தாழ்வாரத்தில் ஓர் ஆள் முளைத்திருந்தார். சட்டைக் கையை மடித்து, கழுத்தில் துண்டோடு, வெறுங்காலில் குனிந்து மழை ஈரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுகிமோரி அவசரமாகத் தன் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

மகள் இப்புகிக்கு மூன்று வயது. இரண்டு மழலையர் பள்ளிகள் கையை விரித்துவிட்டன. யோகோஹாமாவில் அவர் மனைவி மயூமியின் பட்டியலில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். உள்ளே கூடத்தில் சேர்க்கைத் தேர்வுக்காகத் தாயும் மகளும் முட்டி படாமல் கையும் காலும் ஊன்றிக் கரடி நடை நடந்து, நொண்டியடித்து, பொம்மைகளோடு 'இஷ்டம்போல்' விளையாடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள், என்ன செய்வது!

உள்ளே போகும்முன் மயூமி எச்சரித்திருந்தாள். "எங்களவிட வெளிய உங்களத்தான் கவனிப்பாங்க. போன வருஷம் தோட்டக்காரர் வேஷத்துல ஒரு டீச்சர் வந்தாராம். நோட்டப் பாத்து நடந்துக்கங்க!"

மயூமி எழுதிக் கொடுத்த நோட்டில் இருபத்திரண்டு கட்டளைகள். செய்து முடித்ததற்கெல்லாம் டிக் அடிக்க வேண்டும். சுகிமோரி நாற்காலியில் விறைப்பாக அமர்ந்து, 'நேராக உட்காரவும்' என்பதற்கு டிக் அடித்தார்.

துடைப்பவர் அவர் நோட்டில் குறிப்பதை ஓரக்கண்ணால் பார்த்தார். உடனே வேகத்தைக் கூட்டினார்.

பதினேழாவது கட்டளை, 'பிறருக்கு உதவவும்.' சுகிமோரி கோட்டைக் கழற்றிவிட்டு, வாளியிலிருந்து இன்னொரு துணியை எடுத்தார்.

"நானும் சேந்துக்கலாங்களா, சார்?"

"ஐயோ, தாராளமா, சார்!" அந்த ஆள் பதறி எழுந்து வணங்கினார்.

ஆறு மாதமாக மகளோடு வீட்டில் கரடி நடை பழகியவராயிற்றே! இடுப்பைத் தூக்கிக்கொண்டு, துணியைத் தள்ளியபடி பாய்ந்தார். அந்த ஆளும் விடவில்லை.

"முட்டி தரையில படக்கூடாதுல்ல, சார்?" என்றார் அந்த ஆள்.

"படவே படாது, சார். நல்லாப் பாத்துக்கங்க!"

சிரித்த முகம் மாறக்கூடாது என்பது நாலாவது கட்டளை. பல்லைக் காட்டிக்கொண்டே தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆறு தடவை ஓடினார். மூன்றாம் தடவையில் கால்சட்டை பின்பக்கம் 'டர்ர்' என்றது. கிழிந்தால் கிழியட்டும், பிள்ளைக்கு இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

உள்ளே மணி அடித்தது. இருவரும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள்.

கேட்டுவிட வேண்டியதுதான் என்று சுகிமோரி வாயைத் திறந்தார். அதற்குள் அந்த ஆள் இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

"சார்... எங்க பையனுக்கு இங்க இடம் கெடச்சிடுங்களா?"