எதைத் திருடுகிறார்களோ

"இன்னைக்கும் மூணு புத்தகம் காணோம்," என்று கொதித்தார் வெலிஸ்லாவ்.

டான்யூப் கரையிலிருந்த அந்த நூலகத்துக்கு அவர் தலைவராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இளையோர் பிரிவுக்குப் புதிதாக எதை வாங்கலாம் என்று பார்க்கப் பதிப்பகங்கள் அனுப்பிய மாதிரிப் பிரதிகள் வாசலோர மேசையில் பரப்பிக் கிடந்தன. வெலிஸ்லாவ் எழுதிய பாட்டுப் புத்தகமும் அங்கேதான் இருந்தது. அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தவரும் அவரே.

பக்கத்து நாற்காலியில் காவலாளி போய்கோ, பாதி தின்ற பனிட்சாப் பலகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டார்.

"முதல்ல இந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கணும்."

"தூங்கச் சொன்னதே நான்தான் சார்," என்றார் பிரிவு நூலகர் ஸ்வெத்லா.

"என்னம்மா சொல்றீங்க?"

"முன்னெல்லாம் பேராசிரியர்களைக் கூட்டி வச்சுத் தேர்ந்தெடுத்தோம். ஒரு பிள்ளையும் தொடலை. இப்ப எதைத் திருடுறாங்களோ, அதையே பத்துப் பிரதி வாங்கிடறேன். அலமாரியில நிக்கவே மாட்டேங்குது. திருடு போகாததைத் திருப்பி அனுப்பிடுவேன்."

வெலிஸ்லாவ் மேசையை ஓரக்கண்ணால் பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"அப்ப என் புத்தகத்தை யாரும் சீண்டலை," என்றார் மெல்ல.

"யார் சொன்னது? திங்கக்கிழமை சாயங்காலமே திருடிட்டாங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அப்புறம் இங்க எப்படி இருக்கு?"

ஸ்வெத்லா கூரையைப் பார்த்தார். கண்ணைத் திறக்காமலே போய்கோதான் பதில் சொன்னார்.

"மறுநாள் காலையில என்னை எழுப்பிக் கையிலயே குடுத்துட்டுப் போச்சு சார், திருடின பொண்ணே."