முந்நூறு கிராம் கூடுதல்

எடை மெஷின் அறுபத்தைந்து புள்ளி மூன்று என்று காட்டியது.

அவள் இறங்கி, காதுத் தோடுகளைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறினாள். அதே மூன்று.

மெஷினைக் காலால் நகர்த்தி, வேறு இடத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கும் அதே மூன்று அசையாமல் நின்றது.

முந்நூறு கிராம் எவ்வளவு என்று அவள் கைக்குத் தெரியும். பேக்கரியில் தினமும் மாவு உருட்டுகிற கை. ஒரு சின்ன ரொட்டி, அவ்வளவுதான். ஆனால் அறுபத்தைந்தைத் தாண்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உங்க ஈரல்லயே கொழுப்பு இருக்கும்மா. இப்படியே ஒரு துண்டு எடுத்து அப்பாவுக்கு வைக்க முடியாது. பதினேழு கிலோ குறைச்சுட்டு வாங்க."

எட்டு மாதத்தில் பதினேழு கிலோவையும் குறைத்தாள். அப்பாவின் உடம்பு ஆபரேஷனைத் தாங்கும் நிலைக்கு வரட்டும், எந்த வாரம் வேண்டுமானாலும் கூப்பிடுவோம், அதுவரை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

குறைத்தது கூடப் பரவாயில்லை. குறைத்ததைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கேக்குக்கு க்ரீம் வைக்கும்போது விரலில் ஒட்டியதை நாக்குக்குக் கொண்டுபோகாமல் ஏப்ரனில் துடைத்துவிடுவாள். ஒரு நாள் நூறு கிராம் ஏறும். மறுநாள் இருநூறு இறங்கும். ஏறிய நாளில் இரவுச் சாப்பாடு கிடையாது.

"ஊரே மாமியாரோட சண்டை போடுது. நீ மெஷினோட போடுற," என்பார் கணவர்.

அப்பாவும் அவளும் பேசிப் பதினொரு வருடம் ஆகிறது.

அம்மா போன அன்று, உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அம்மா இருந்திருப்பாள் என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் அவளிடம் எதுவுமே சொல்லவில்லை.

அண்ணனின் ரத்த வகை பொருந்தவில்லை. அவளுடையது பொருந்தியது. அண்ணி அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பரிசோதனைக்குப் போன நாளில், ஸ்கேன் அறை வாசலில், சக்கர நாற்காலியில் அவருடைய பின்னந்தலையைப் பார்த்தாள். முழுக்க நரைத்திருந்தது. சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடங்கிக் கிடந்தது. அதை இழுத்துவிடக் கை பரபரத்தது. அதற்குள் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

தினமும் காலை ஏழு மணிக்கு அன்றைய எடையை அண்ணிக்கு அனுப்புவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்வதற்காகத் தொடங்கிய வழக்கம். 'சரி' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வரும்.

இன்று முதலில் 64.9 என்று அடித்தாள். ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள்.

'65.3. மன்னிச்சிடுங்க அண்ணி. ரெண்டு நாள்ல குறைச்சிடுறேன்.'

'சரி' வரவில்லை. போன் அடித்தது.

"குறைக்காதம்மா," என்றாள் அண்ணி, எடுத்த எடுப்பிலேயே. "ரெண்டு மாசமா உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். உங்கப்பாவுக்கு மருந்துலயே தேறிடுச்சு. ஆபரேஷனே வேண்டாம்னுட்டாங்க."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஏன் அண்ணி சொல்லல?"

"மாமாதான் சொல்ல வேண்டாம்னார். தெரிஞ்சா, நீ காலைல அனுப்புறதை நிறுத்திடுவியாம்."

ஏழு ஆவதற்கு முன்பே அப்பா வந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாராம். எடை இறங்கிய நாளில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாராம். ஏறிய நாளில், 'நேத்து ஒழுங்கா சாப்பிட்டிருக்கா' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இன்னொரு டீ கேட்பாராம்.

"இன்னிக்கு நீ மன்னிப்புக் கேட்டிருந்தே பாரு, அதைப் படிச்சதும் முகமே ஒரு மாதிரி ஆயிடுச்சு. போதும், சொல்லிடுன்னுட்டார்."

இரண்டு மாதம். வேகவைத்த காய்கறியும் வெந்நீருமாகக் கழித்த இரவுகள் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கோபம் வர வேண்டும். வரும் என்று காத்திருந்தாள். பசிதான் வந்தது.

"அவர்கிட்ட குடுங்க அண்ணி."

போன் கைமாறுவது போல ஏதோ உரசியது. திரும்பவும் அண்ணியே பேசினாள்.

"வாங்க மாட்டேங்கிறார். எழுந்து போகவும் மாட்டேங்கிறார். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

பதினொரு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயருகே வரவில்லை.

"ரெண்டு முட்டை," என்றாள், கொஞ்சம் சத்தமாக. "நாலு துண்டு ரொட்டி, வெண்ணெய் தடவி. இப்பவே சாப்பிடப் போறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்கவில்லை.

"அப்புறம் சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் பால்," என்றாள்.