பாலிசி விற்காத அலுவலகம்

"டிராக்டருக்குத் தனி பாலிசி வேணாம், ஹாய்ட். உன் பண்ணை பாலிசியிலேயே அது அடக்கம்."

"அது வேற கம்பெனியாச்சே, லாய்ட்."

"எந்தக் கம்பெனியா இருந்தா என்ன? ஒரே டிராக்டருக்கு எதுக்கு ரெண்டு தடவை பணம் அழுவுற? போய் டயரை மாத்து."

ஹாய்ட் கையில் வைத்திருந்த காசோலைப் புத்தகத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டு, வந்த பின்வாசல் வழியாகவே போனான்.

ஏஜென்ட் லாய்ட் பெட்டிஸின் இன்ஷூரன்ஸ் அலுவலகத்து மூலை நாற்காலியில் காலை எட்டரையிலிருந்து உட்கார்ந்திருந்த ரொவீனா டில்மன் பேனாவை மூடினார். மாநில வருவாய்த் துறையில் இன்ஷூரன்ஸ் வரிப் பிரிவு ஆய்வாளர். இருநூறு மைல் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"மிஸ்டர் பெட்டிஸ், வந்தவரைத் துரத்தி விட்டுட்டீங்க."

"துரத்தலை மேடம். தேவையில்லன்னு சொன்னேன்."

"காலையில வந்த அந்த அம்மாகிட்டயும் அதையேதான் சொன்னீங்க."

"மிஸ் ஆர்டெலா? அவங்களுக்கு எண்பத்தாறு வயசு. விபத்து பாலிசி கேட்டாங்க, பனிச்சறுக்குக்கும் சேர்த்து."

ரொவீனா சிரிக்கவில்லை. மடியிலிருந்த படிவத்தைத் தட்டிக் காட்டினார்.

"உங்க கம்பெனி வசூலிக்கிற பிரீமியத்துக்கு மாநிலம் வரி போடுது. இந்த மாதிரிச் சின்ன ஊர்ல ஆள் வெச்சு அலுவலகம் நடத்தினா அந்த வரியில ஒரு தொகையைத் தள்ளுபடி பண்றோம். சும்மா இல்ல. மக்களுக்குச் சேவை நடக்கணும்."

"நடக்குதே."

"உங்க கம்பெனி பாலிசிதாரருக்கு நடக்கணும். நான் வர்ற நாள்ல, என் கண் முன்னாடி, ஒருத்தருக்காவது. இந்தக் கட்டம் காலியா இருந்தா சலுகை போச்சு. சலுகை போனா கம்பெனி இந்தக் கதவைப் பூட்டிடும். ஹாய்ட் வாங்கியிருந்தா கட்டம் நிரம்பியிருக்கும்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

லாய்ட் இனிப்புத் தேநீரை ஒரு மிடறு குடித்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த வேலை போனால் அடுத்த வேலைக்கு எழுபது மைல் போகவேண்டும்.

"நான் இங்க உட்கார்ந்திருக்கறதாலேயே கம்பெனிக்கு என் சம்பளத்தை விட அதிகமா வரி மிச்சமாகுது. நான் விக்கணும்னு அங்க யாரும் எதிர்பார்க்கிறதில்ல. அப்புறம் எதுக்கு இவங்க தலையில கட்டணும்? உண்மையைச் சொல்ற வசதி எத்தனை ஏஜென்டுக்குக் கிடைக்கும், சொல்லுங்க."

ரொவீனா சுவரை நிமிர்ந்து பார்த்தார். கடிகாரம் நாலேகால் காட்டியது.

"உங்க பாலிசிதாரர்னு இந்த ஊர்ல யாருமே இல்லையா?"

"நூத்திப் பத்துப் பேர் இருக்காங்க. வெள்ளிக்கிழமைன்னா பத்துப் பேராவது வருவாங்க."

"இன்னைக்கும் வெள்ளிக்கிழமைதானே?"

லாய்ட் கொஞ்சம் தயங்கினார்.

"உங்க காரை முன்வாசல்லயே நிறுத்தியிருக்கீங்க. கதவுல மாநில முத்திரை வேற. அதைப் பார்த்தா இந்த ஊர்ல பாதிப் பேருக்கு டிரக் உரிமத்தைப் புதுப்பிக்காதது ஞாபகம் வந்துடும். ஹாய்ட்டுக்கும் மிஸ் ஆர்டெலுக்கும் பின்வாசல் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது."

ரொவீனா எழுந்து சன்னல் வழியாகப் பார்த்தார். கோப்புறையும் கையுமாக வந்த ஒரு பெண்மணி, காரைப் பார்த்ததும் சாலையைக் கடந்து, எதிரிலிருந்த மருந்துக்கடைக்குள் புகுந்தார்.

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே."

"அரசாங்கத்துக்கிட்ட காரை எடுன்னு எப்படிச் சொல்றது?"

ரொவீனா போய் காரைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு வந்தார். பிரயோசனமில்லை. செய்தி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

அலுவலகம் மூடும் ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம். லாய்ட் மேசை இழுப்பறையிலிருந்து தன் சொந்தச் சாமான்களை எடுத்து ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் ரொவீனா. கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள்களை எடுத்து மேசை மீது விரித்தார். "இது உங்க கம்பெனி பாலிசி. என் வீட்டுக்கு. பதினோரு வருஷமா கட்டிக்கிட்டிருக்கேன். நாலாம் பக்கம் புரியல."

லாய்ட் தாளைப் பார்த்தார். அவரையும் பார்த்தார்.

"நீங்க இன்ஷூரன்ஸ் பிரிவுலதானே இருக்கீங்க?"

"வரி எனக்குப் புரியும். பாலிசி புரியாது."

"இது கணக்குல வருமா மேடம்? நீங்களே ஆய்வாளர்."

"பாலிசிதாரர்னுதான் சட்டத்துல இருக்கு. யாரா இருக்கணும்னு இல்ல. படிங்க."

லாய்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அவருடைய விரல் ஒரு வரியில் நின்றது.

"படகுத்துறைக்குன்னு தனியா வருஷத்துக்கு எண்பத்து நாலு டாலர் எடுக்கிறாங்க. வீடு ஏரிக்கரையிலயா?"

"மூணாவது மாடி."

"பக்கத்துல தண்ணி ஏதாவது?"

"கார் கழுவற கடை இருக்கு."

லாய்ட் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அந்தப் பகுதியை நீக்கும்படி தன் கம்பெனிக்கே ஒரு கடிதம் எழுதி, ரொவீனாவிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, நகல் ஒன்றையும் கொடுத்தார். மணி சரியாக ஐந்து.

ரொவீனா பேனாவைத் திறந்தார். 'சேவை பெற்ற பாலிசிதாரர்கள்' என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்று எழுதினார். பிறகு, குறிப்புக்கான இடத்தில், கையெழுத்து கோணாமல்:

'இதனால் கம்பெனிக்கு ஆண்டுக்கு எண்பத்து நான்கு டாலர் இழப்பு. அலுவலகம் முறையாக இயங்குகிறது.'