சிட்டு ஏறாத பரண்

சிட்டு ஒரு வாழைப்பழத் துண்டை வாயில் வைத்ததைக்கூடத் தாஜ் முகம்மது பார்க்கவில்லை. ஆனால் தராசில் ஏற்றினால் எடை மட்டும் குறையவே இல்லை. அது எப்படி என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

மணிமுத்தாறு பக்கத்தில், மீட்டு வந்த குரங்குகளைப் பராமரிக்கிற இடத்தில் அவருக்கு வேலை. வித்தைக்காரனிடம் சங்கிலியில் கிடந்த சிட்டு, இத்தனை நாளும் தனிக்கூண்டில் இருந்துவிட்டு, மற்றக் குரங்குகள் வாழும் பெரிய கூண்டுக்கு இப்போதுதான் மாறியிருந்தது.

புது இடம் மிரட்டக் கூடாதென்று, தனிக்கூண்டில் அது படுத்த பழைய பலகையைக் கழுவாமல் அப்படியே கொண்டுவந்து கூண்டின் உச்சிப் பரணில் பொருத்தியிருந்தார் தாஜ். தன் வாடை அடிக்கிற இடத்தைத்தான் குரங்கு தன் இடமென்று நம்பும்.

தீனியும் பரணில்தான். கீழே வைத்தால் கீழேயே தங்கிவிடும். மேலே ஏறினால்தான் கூட்டத்தோடு சேரும். சேராவிட்டால் மறுபடியும் தனிக்கூண்டுதான் என்று டாக்டர் ராஜராஜேஸ்வரி சொல்லிவிட்டார்.

சிட்டுவோ பொழுதன்னைக்கும் வாசல் கம்பியை ஒட்டியே உட்கார்ந்திருந்தது. வெளியே ஸ்டூலைப் போட்டுத் தாஜும் உட்கார்ந்திருப்பார். லீவு நாளிலும் வந்துவிடுவார். அது கம்பி வழியே கையை நீட்டி, அவர் முழங்கை முடியை விலக்கி விலக்கிப் பேன் பார்க்கும்.

"என்னைக் கூட்டிட்டுப் போயிருன்னு கெஞ்சுது வே," என்றார், காவலாளி முத்துமாலையிடம்.

"கெஞ்சுதோ, கொஞ்சுதோ! வேலை முடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு? மவன் சேரன்மகாதேவில அரண்மனை கணக்கா வீடு கட்டிப் போட்டிருக்கான். உமக்கு இந்த ஸ்டூலுதான் கதின்னா எப்படி? போவும் வே."

"போயி? மவன் துபாய்ல கெடக்கான். எம் பொஞ்சாதி மவுத்தான பொறவு அங்கன பேச ஆளில்ல. இருமினாக்கூட நாலு சுவரும் திருப்பி இருமுது."



வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மட்டும் தாஜ் நடுவில் எழுந்து போவார். அன்று திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தியபோது, கூண்டின் பின்பக்கமிருந்து டாக்டர் வந்தார். சிட்டு வழக்கம்போல வாசலில். பரணில் தட்டு காலி.

"பாத்தியளா டாக்டரம்மா? மத்ததுவ எல்லாத்தையும் தின்னு தீத்துட்டு, இது பட்டினி. தனிக்கூண்டுக்கு மட்டும் அனுப்பிராதிய. ஏதாவது மருந்து குடுங்க."

"மருந்தா? நீங்க கேட்டைத் தாண்டினதும் ஒரே தாவு, பரண்ல ஏறிட்டுது. மத்ததுவகூட அடிச்சுப் பிடிச்சுத் தின்னுட்டு, அந்தப் பழைய பலகையில சொகமா மல்லாந்து கெடந்தது. ஒரு கிழட்டுக் குரங்கு பேன் பாத்துக்கிட்டு இருந்துச்சு. உங்க சைக்கிள் சத்தம் கேக்கவும்தான் இறங்கி ஓடி வந்தது."

தாஜ் சிட்டுவைப் பார்த்தார். அது அவர் முழங்கையைத் தேடிக் கையை நீட்டியது.

"பொறவு எதுக்கு இங்கன வந்து உக்காருது?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "உங்களத் தனியா விட்டுட்டு மேல ஏற அதுக்கு மனசு வரல."

தாஜின் கை கம்பியிலேயே இருந்தது. சிட்டு மும்முரமாக முடியை விலக்கிக்கொண்டிருந்தது.

"பொழுதோட வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி. அது சாப்பிட்டுக்கும்."